கறை எடுத்த வெள்ளி ரூபாய்

எங்கள் ஊரில் பழைய நாணயம் சேர்ப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன மண்டபத்தில் கூடுவோம். நான் வேலையை விட்டுவிட்டேனே தவிர அந்தக் கூட்டத்தை விடவில்லை. போன கூட்டத்தில் ஓர் இளைஞர், பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருப்பவர், பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்த ஒரு காசை என்னிடம் காட்டினார்.

"ஏனுங்கக்கா, இப்ப எல்லாக் காசும் இப்படிப் பெட்டிக்குள்ள, சர்டிபிகேட்டோட வருது. இது இல்லாதப்ப எந்தத் தைரியத்துலீங்க வாங்கினீங்க, வித்தீங்க? நம்ம சங்கத்து மலருக்கு அதை எழுதிக் குடுங்களேன்" என்றார்.

எழுதச் சொன்னால் எழுதிவிட வேண்டியதுதானே. பெட்டியைக் குறை சொல்ல வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசை அனுப்பினால் அதற்கென்று இருக்கும் கம்பெனி அசல்தானா என்று பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு எண் போட்டு, சீல் வைத்துத் தருகிறது. எங்கோ வடக்கே இருக்கிறவர் இங்கே இருக்கிற காசை போனில் பார்த்து வாங்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் என் பிழைப்பு முழுக்கப் பெட்டி இல்லாத காசோடுதான் போயிற்று. அதற்கு எந்தத் தைரியம் என்று கேட்டால் ஒரே பதில்தான் உண்டு: வேலுச்சாமி அண்ணனின் வார்த்தை.

நான் அந்தக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் துணியை விரித்து ஓட்டை, கறை, ஊசி விட்ட கோடு எல்லாம் கண்டுபிடித்து, குறை இல்லாததை மட்டும் பாஸ் பண்ணுவது வேலை. அந்தக் கம்பெனிக்குக் கீழ்த்தளத்தில்தான் வேலுச்சாமி அண்ணனின் நாணயக் கடை. தறிக்காரக் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் பனியனுக்குப் போனபோது இவர் மட்டும் காசுக்கு வந்துவிட்டார். கம்பெனி வேறு இடத்துக்குப் போனதும், "கண்ணு நல்லா இருக்கறவிய சும்மா ஊட்ல உக்காரக் கூடாதுங்க அம்மிணி" என்று என்னைக் கடையில் வைத்துக்கொண்டார். காசைப் பற்றி எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் சில்லறை எண்ணுவதுதான். மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன்.

அவர் காசு பார்க்கிற முறையைச் சொல்ல வேண்டும். காசைக் கைக்குக் கை வாங்கவே மாட்டார். மேசைமேல் கட்டிங்கில் மிஞ்சிய வெள்ளைப் பனியன் துணியை மடித்துப் போட்டிருப்பார். கொண்டு வந்தவர் அதன்மேல் காசை வைத்துக் கையை எடுத்த பிறகுதான் இவர் தொடுவார். கைமாறும்போது காசு கீழே விழுந்து விளிம்பு நசுங்கினால் யார் போட்டது என்று வழக்கு வரும் அல்லவா, அதற்காக. முதலில் பார்ப்பது விளிம்பை. "மூஞ்சி சிரிக்கத்தான் செய்யும். ஓரத்தைப் பாருங்க, அம்மிணி" என்பார். வார்த்து எடுத்த போலிக் காசு விளிம்பில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் எடை. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் காசை மெல்லச் சாய்ப்பார். அச்சடித்தபடியே இருக்கும் வெள்ளிக் காசில் ஒளி வண்டிச் சக்கரம் மாதிரி சுற்றி வரும். தேய்த்துக் கழுவிய காசில் ஒளி சுற்றாது, ஒரே இடத்தில் மொண்ணையாக நிற்கும். கறுத்துப் போயிருக்கிறதே என்று பழைய காசைத் தேய்த்து மினுக்குவதைப் போலக் கெடுதல் அதற்கு வேறு இல்லை.

போலி என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே கிடையாது. தாராபுரத்திலிருந்து ஒருவர் தலைமுறை தலைமுறையாக வந்த தங்க மோகராக் காசு என்று பித்தளையில் எதையோ கொண்டு வந்தார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குதுங்க. பூசை ரூம்புல வெச்சுக்குங்க, விக்காதீங்க" என்று இரண்டு கையாலும் திருப்பித் துணிமேல் வைத்தார். அந்த மனிதர் பெருமையோடு கிளம்பிப் போனார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவிய சந்தோசத்துல நமக்கென்னங்க நட்டம்?" என்றார் அண்ணன்.

விற்கும்போது ஒரு வார்த்தை சொல்வார். ஒவ்வொரு காசுக்கும், ஒவ்வொருவரிடமும், ஓர் எழுத்து மாறாமல் சொல்வார். "எப்ப வேணும்னாலும் கொண்டாந்து குடுங்க, திருப்பி எடுத்துக்கறேன். காரணம் சொல்ல வேண்டியதில்லீங்க." சர்டிபிகேட் இல்லாத காசுக்கு அதுதான் சர்டிபிகேட். கடை என்பது அந்தக் கண்ணாடிப் பெட்டியும் நான்கு நாற்காலியும் இல்லை, அந்த வார்த்தைதான். அது கெட்டால் மறுநாள் ஷட்டரைத் தூக்கவே தேவையில்லை. அப்படிக் கெட இருந்த ஒரு சமயத்தைத்தான் எழுத வந்தேன்.

ஊத்துக்குளியில் வெண்ணெய் வியாபாரம் செய்கிற குடும்பத்து அம்மா ஒருவர், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சைக் கொண்டு வந்தார். அவர் மாமனாரின் அப்பா பழனிக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைத்தது, பரணில் ஒரு தகர டப்பாவுக்குள் கிடந்திருக்கிறது. அண்ணன் முடிச்சைத் தொடவில்லை.

"ஏனுங்கம்மா, வேண்டுதல் நெறவேறிருச்சுங்களா?"

"ஆமாங்க. ஆம்பளப் பையன் வேணும்னு முடிஞ்சாங்களாம். எங்க மாமனாருதான் அந்தப் பையன். மொட்டை போட்டு, காணிக்கையெல்லாம் செலுத்திட்டாங்க. இதை மட்டும் மறந்துட்டாங்க."

அதன் பிறகுதான் பிரிக்கச் சொன்னார். வேண்டுதல் நிறைவேறாத முடிச்சை அவர் எந்த விலைக்கும் வாங்க மாட்டார். நிறைவேறியிருந்தாலும் வெறும் துணியைத் திருப்பித் தர மாட்டார். இன்றைய காசு ஒன்றை உள்ளே வைத்து முடிந்து, "உண்டியல்ல போட்டுருங்க" என்று கொடுத்துவிடுவார்.

உள்ளே இருந்தது விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய். அந்த ரூபாயில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. புழக்கத்துக்கே போகாமல் நேராக முடிச்சுக்குள் போயிருக்கிறது, கொஞ்சமும் தேயவில்லை. மஞ்சள் துணிக்குள் கிடந்து கிடந்து ஓரமெல்லாம் கருநீலம், உள்ளே வர வரத் தேன் நிறம். ராணியின் கழுத்துக்குப் பக்கத்தில், துணி அழுத்திய இடத்தில், கைத்தறி நூலின் குறுக்கும் நெடுக்குமான கட்டம் அப்படியே பதிந்திருந்தது. வெள்ளி துணியோடு நெடுநாள் கிடந்தால் சில சமயம் அப்படி நிறம் ஏறும். சாய்த்தால் அந்த நிறத்துக்கு அடியில் ஒளி சுற்றியது. அண்ணன் அதை மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தார். எனக்கும் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க மனசு வரவில்லை.

அதை வாங்கியவர் நடராஜண்ணன். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி, எங்கள் சங்கத்தின் பழைய ஆள், கொஞ்சம் முன்கோபி. அந்தக் காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். சில வருடம் கழித்துப் பெட்டிக் காசு மோகம் வந்ததும், இதற்கும் ஒரு எண் வாங்கிவிட வேண்டும் என்று மும்பைக்கு அனுப்பினார். போன காசு வேகமாகவே திரும்பி வந்தது. அசல்தான், ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது, ஆகவே எண் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடராஜண்ணன் காசை எடுத்துக்கொண்டு நேராகக் கூட்டத்துக்கு வந்தார். எல்லாரும் இருந்தார்கள்.

"அண்ணா, மினுக்கின காசுக்கு நெறம் பூசித் தலையில கட்டீட்டீங்களே, பூச்செல்லாம் போயி வெளுத்து வந்திருக்குதுங்க! உங்களை நம்பி நான் லென்சு வெச்சுக்கூடப் பாக்கலீங்களே!"

துணிமேல் வைத்தார். கூட்டத்துக்கும் அண்ணன் அந்தப் பனியன் துணியைக் கொண்டு வந்துவிடுவார். கருநீலம் இல்லை, தேன் இல்லை, நூல் கட்டம் இல்லை. புதுக் கொலுசு மாதிரிப் பளபளவென்று ஒரு ரூபாய். நாங்கள் விற்ற காசு இப்படி இல்லை என்று நான் எழுந்துவிட்டேன். அண்ணன் கையை லேசாக உயர்த்தி என்னை உட்கார வைத்தார். காசின் விளிம்பைப் பார்த்தார். அதே காசுதான், சந்தேகமில்லை. ஒரு முறை சாய்த்துப் பார்த்தார். ஒளி சுற்றவில்லை.

"திருப்பி எடுத்துக்கறேனுங்க" என்றார். அவ்வளவுதான். கடைக்கு வரச் சொல்லி அன்றைக்கே முழு விலையையும் கொடுத்து அனுப்பினார்.

வீடு போகிற வழியெல்லாம் நான் அவரிடம் சண்டை போட்டேன். "யாரோ தேச்சிருக்காங்கண்ணா. வித்தப்ப நெறத்துக்கு அடியில ஒளி சுத்துச்சுன்னு நாஞ் சொல்ல மாட்டனா? நீங்க எதுக்கு வாயை மூடிக்கிட்டீங்க?"

"காரணம் கேக்க மாட்டேன்னு சொல்லித்தானுங்க வித்தோம். அவிய காரணஞ் சொல்ல வேண்டியதில்லை, நாம மட்டுங் கேக்கலாமுங்களா?"

நியாயம்தான். ஆனால் ஊர் வாய் நியாயம் பார்க்குமா? தப்பு இல்லாவிட்டால் ஏன் பேசாமல் திருப்பி எடுத்தார் என்று பேச்சு கிளம்பியது. ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் "சர்டிபிகேட் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். குன்னத்தூர்க்காரர் ஒருவர், எப்போதோ வாங்கிய நான்கு காசைக் கொண்டு வந்து துணிமேல் வைத்தார். அண்ணன் அவற்றையும் எடுத்துக்கொண்டார். நான்கும் ஒரு குறையும் இல்லாத காசுகள். அவர் போன பிறகு அண்ணன் அந்தத் துணியை உதறி, மடித்து, மறுபடி உதறி, மடித்து, அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு வயதாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி ஒரு பெண் கடை வாசற்படி ஏறி வந்தாள். நெற்றி முழுக்க வியர்வை.

"எக்கா, காசுக் கடை அண்ணாச்சி யாரு?"

தென்காசிப் பக்கத்துப் பேச்சு. பெயர் பேச்சியம்மாள். நடராஜண்ணன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் கறை எடுக்கிற வேலை. தைத்து முடித்த உருப்படியில் எண்ணெய்க் கறை, மைக் கறை இருந்தால் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் மருந்தைப் பீய்ச்சி எடுப்பார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அதாவது பையருக்கு, சாம்பிள் போகிற மேசையில் அந்த வேலைதான் கடைசி வேலை.

"மொதலாளி யார்கிட்டயோ போனுல சத்தம் போட்டுட்டு இருந்தாவ. வெள்ளி ரூவா, வேலுச்சாமி ஏமாத்திட்டாருன்னு சொன்னாவ. எனக்குக் கையி காலு ஓடல. அந்த ரூவாய நாந்தான் தேச்சேன் அண்ணாச்சி."

நடந்தது இதுதான். மும்பைக்குப் போகிற சாம்பிள் பார்சலோடு காசையும் அனுப்பிவிடலாம் என்று நடராஜண்ணனே அதை ஒரு கவரில் போட்டு சாம்பிள் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேச்சியம்மாள் கவரைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

"திட்டுத் திட்டாக் கறுப்புக் கறை. ஒரு பக்கம் துணி ஒட்டுன தடம் வேற. பையருக்குப் போற சாமான் இப்படியா போவும்? துப்பாக்கி வெச்சு அடிச்சுப் பாத்தேன், போவல. பொறவு பல்பொடி போட்டு, கொலுசு வெளுக்கத் தேய்ப்பமே, அப்படித் தேச்சேன். நல்லா வெளுத்துச்சு. நல்ல காரியம் செஞ்சதாத்தான் நெனச்சேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. செக்கிங் மேசையில் பத்துப் பதினைந்து வருடம் நின்றவள் நான். வேறு எந்த ஊரிலாவது ஒருத்தி அந்தக் காசைப் பார்த்திருந்தால் கவரை ஒட்டி அனுப்பியிருப்பாள். எங்கள் ஊர்க் கைக்குக் கறையைப் பார்த்தால் சும்மா இருக்கத் தெரியாது. அவள் இடத்தில் நின்றிருந்தால் நானும் பல்பொடியைத்தான் தேடியிருப்பேன்.

அண்ணன் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விசயமுங்க. போதும். மொதலாளிகிட்டச் சொல்ல வேண்டாம். கோவக்காரரு. உங்க வேலைக்கு எதாச்சும் ஆயிரப் போகுது."

நான் பொறுக்க முடியாமல், "அப்ப நம்ம கடை?" என்றேன்.

"என் பேரு நல்லாச் சாயம் ஏறுன துணிங்க அம்மிணி. ஒரு தண்ணிக்குப் போயிராது."

போய்க்கொண்டிருந்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் அந்தப் பெண்ணை எதிரில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வது? அவளுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று அதற்குள் சொல்லியிருந்தாள். கடையைக் காப்பாற்று என்று சொன்னால் அவளை வேலையை விட்டுப் போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பேச்சியம்மாள்தான் மூடிக்கொள்ளவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கறை எடுக்கதுதான் அண்ணாச்சி எனக்கு வேலை. ஒங்க பேருல ஒரு கறைய வெச்சிட்டு நான் எப்படிப் போயி ஒறங்க? நடக்கது நடக்கட்டும்."

படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு நடராஜண்ணன் வந்தார். கூடவே, அவர் காரிலேயே, பேச்சியம்மாளும் வந்தாள். அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் நடுவில் வந்து நின்றார்.

"காசைத் தேச்சது எங்க கம்பெனீலதானுங்க. வேலுச்சாமியண்ணன் குடுத்தது நல்ல காசு. இந்த மேசைக்கு வர்ற எந்தப் பீசும் கறையோட போகக் கூடாதுன்னு எழுதிப் போர்டு மாட்டுனவன் நானு. அந்த மேசைமேல காசைக் கொண்டு போயி வெச்சவனும் நானு. இந்தப் புள்ள போர்டுல இருந்ததைச் செஞ்சிருக்குது. திட்டறதுன்னா என்னைத்தானுங்க திட்டோணும்." பிறகு அண்ணனைப் பார்த்து, "தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லலியேண்ணா" என்றார்.

முன்கோபிகளிடம் இது ஒரு நல்ல குணம். கோபம் எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு வேகமாகத் தன்மேலேயும் திரும்பும். மண்டபத்தில் யாரோ கைதட்டினார்கள். நான் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குன்னத்தூர்க்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்து, தன் நான்கு காசும் இன்னும் இருக்கின்றனவா என்று தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். அண்ணன் அதே விலைக்குக் கொடுத்தார்.

நடராஜண்ணன் அந்த ரூபாயையும் திருப்பிக் கேட்டார். அண்ணன் தரவில்லை.

"இப்ப வேண்டாமுங்க. வெள்ளி பொறுமைசாலி. போன நெறம் அப்படியே வராது. ஆனா எதோ ஒரு நெறம் வரும். வரட்டும்."

மறுநாள் நான் கைத்தறித் துணியில் ஒரு துண்டு வாங்கி மஞ்சளில் நனைத்துக் காய வைத்தேன். அண்ணன் பேச்சியம்மாளை வரச் சொல்லி அவள் கையாலேயே காசை முடியச் சொன்னார். "என்னன்னு வேண்டிக்கிட?" என்று கேட்டாள். "நெறம் வரோணும்னு வேண்டிக்குங்க" என்றார். அவள் கண்ணை மூடி, நிஜமாகவே வேண்டிக்கொண்டு, இறுக்கி முடிந்தாள். வேண்டுதல் நிறைவேறாத முடிச்சு விற்பனைக்கு இல்லை என்பது கடையின் சட்டம். அதனால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், முருகன் படத்துக்குக் கீழே, வருடக்கணக்கில் அது தொங்கியது. பெட்டிக் காசுகள் ஊரெல்லாம் பெருகின. எங்கள் கடைக்கும் வந்தன. ஆனாலும் பெட்டி இல்லாத காசைத் துணிமேல் வைத்து வாங்குகிறவர்கள் குறையவில்லை.

நான் வேலையை விட்ட நாளில் அண்ணன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நடராஜண்ணனுக்கும் பேச்சியம்மாளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் இப்போது அதே கம்பெனியில் பினிஷிங் சூப்பர்வைசர். பிள்ளைகளையும் இங்கேயே கூட்டி வந்துவிட்டாள். முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். பனியன் துணியின்மேல் காசை வைத்தேன்.

விளிம்பைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் ஒரு வளையம். அதற்குள்ளே மெல்லிய பொன் நிறம். அடியில் பல்பொடிக் கீறல்கள் இருக்கத்தான் இருந்தன, அவை போகாது. ஆனால் ராணியின் கழுத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் பக்கம் சாய்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து நூல் தடம். கழுவிய காசு என்பதை மறைத்து இதை யாருக்கும் விற்க முடியாது. மறைக்காமல் சொல்லி விற்றால் வாங்க உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த நடராஜண்ணன் எதிரில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பேச்சியம்மாளைப் பார்த்தார். "ஏனுங்க, வேண்டுதல் நெறவேறிருச்சுங்களா?"

அவள் காசை விளிம்பில் பிடித்து எடுத்தாள். ஜன்னலுக்குக் கொண்டு போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள். செக்கிங் மேசையில் சட்டையைப் பார்ப்பது போலவே நிதானமாகப் பார்த்தாள். பிறகு துணிமேல் வைத்து, கையை எடுத்தாள்.

"பாஸ் பண்ணிரலாம் அண்ணாச்சி" என்றாள்.